‘இயற்கை மெழுகு’ என்றால் எந்த மெழுகு?



பொங்கல் விழாக் கடையில் முறுக்கு, அதிரசம், ஊறுகாய் ஆகியவற்றோடு உறுப்பினர் வீடுகளில் செய்யும் முகப்பூச்சு, கைப்பூச்சு க்ரீம்களையும் விற்கலாம் என்று சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் மகளிர் அணியினர் ஒரு யோசனை வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். “சாருக்கு ரயில் எஞ்சினுக்குப் போடும் கிரீஸ் தெரியும், முகத்துக்குப் போடும் க்ரீம் என்ன தெரியும்?” என்று ஒரு சகோதரி கேட்டதும் கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த யோசனைக்கு ஆதரவு தெரிவித்தவர்களில் என் மருமகளும் ஒருத்தி என்பதால், அடுத்த இரண்டு நாள் வீட்டில் எனக்கு வந்த காப்பி சற்று ஆறியே வந்தது. கூட்டத்தில் சரியாகச் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

என் எதிர்ப்புக்குக் காரணம் ஒரு சிறு டப்பா. ஏழு மாதப் பேரனுக்குக் கன்னத்தில் வறட்சியாக இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் அன்போடு கொடுத்தது. வீட்டிலேயே செய்தது, கெமிக்கல் எதுவும் கிடையாது என்றார். நான்காம் நாள் குழந்தையின் கன்னம் இரண்டும் சிவந்து, தொட்டால் அழ ஆரம்பித்தது. நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?” என்பதுதான். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தேங்காயெண்ணெய், கற்றாழை, பன்னீர், இயற்கை மெழுகு என்று நான்கு சொற்கள் இருந்தன. “எந்த மெழுகு?” என்றார் டாக்டர். எங்களுக்குத் தெரியவில்லை. செய்தவரைத் தொலைபேசியில் கேட்டோம். மொத்த விற்பனைக் கடையில் வெள்ளைத் துகளாகக் கிலோக் கணக்கில் கிடைப்பது, க்ரீம் மெழுகு என்று கேட்டால் கொடுப்பார்கள் என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

க்ரீமை நிறுத்தினோம், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்த க்ரீம்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. குழந்தைக்கு வேறு எதனாலும் வந்திருக்கலாம். என் கவலையே அதுதான். அது காரணமா இல்லையா என்று ஆராய்வதற்குக்கூட எங்கள் கையில் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டு ரயில்வேயில் இருந்தவனுக்கு இது பொறுக்காது. ஒரு வண்டி தடம் புரண்டால் முதலில் பார்ப்பது பதிவேட்டைத்தான். பதிவேடு இல்லாத இடத்தில் விசாரணை ஏது?

அந்த ‘மெழுகு’ என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருளுக்கு எமல்சிஃபையர் என்று பெயர். தமிழில் பால்மமாக்கி என்கிறார்கள், பொருத்தமான சொல். அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய்த் துளிகளைச் சுற்றி இது வேலி போல நின்றுவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர முடியாது. கலவை பால் போல வெளுத்துவிடும்.

நம் சமையலறையிலேயே இது தினமும் நடக்கிறது. தேங்காய்ப்பால் ஒரு பால்மம். அதில் எண்ணெயைப் பிடித்து நிறுத்துவது தேங்காயிலுள்ள புரதம். உருளியில் வைத்துக் காய்ச்சினால் சூட்டில் புரதம் திரிந்து வேலியை விட்டுவிடும், எண்ணெய் தனியே தெளிந்து நிற்கும். அதுதான் இங்கே பிறந்த குழந்தைக்குத் தடவும் உருக்கு வெளிச்செண்ணெய். அடியில் தங்கும் கக்கனுக்கு வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். நம் பாட்டிமார் பால்மத்தை உடைத்து எண்ணெய் எடுத்தார்கள். இன்று நாம் அந்த எண்ணெயை வாங்கி, தண்ணீர் ஊற்றி, மறுபடி பால்மமாக்கப் பாடுபடுகிறோம். இந்த வேடிக்கையை என் மருமகளிடம் சொன்னேன். “மாமா, அப்படிப் பார்த்தால் மோரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தவர்கள் ஐஸ்கிரீமே தின்னக் கூடாது” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பால்மம் பழக்கமானது சமையலறையில் அல்ல. டிப்ளமா முடித்துப் பொன்மலைப் பணிமனையில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், லேத்தில் இரும்பு கடையும்போது மேலே வெள்ளையாக ஊற்றிக்கொண்டே இருக்கும் கூலன்டைப் பார்த்து, பாலை ஏன் இப்படி வீணாக்குகிறார்கள் என்று நினைத்தேன். எண்ணெயில் எமல்சிஃபையர் சேர்த்து வரும், ஒரு பங்குக்கு இருபது பங்கு போலத் தண்ணீர் கலப்போம். தண்ணீர் சூட்டை இறக்கும், எண்ணெய் துருவைத் தடுக்கும். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டிவிடும் என்பது மேஸ்திரி சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இரண்டாம் பாடம் திங்கட்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓட்டமில்லாமல் தேங்கிய தொட்டி, திங்கள் காலையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவுக்கு விருந்து. அந்த நாற்றத்துக்கு உலகமெங்கும் பட்டறைகளில் திங்கட்கிழமை நாற்றம் என்றே பெயர்.

என் பேரனின் டப்பாவும் அந்தத் தொட்டியும் ஒரே ஜாதி. எமல்சிஃபையர் என்பது எண்ணெய் டப்பாவுக்குள் தண்ணீரை அழைத்து வரும் ஆள். தண்ணீர் வந்தால் கிருமி வரும். ஆகவே எமல்சிஃபையரை எடை போடும்போது, இது தோலுக்கு நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. இது எந்தப் பொருள், எத்தனை கிராம், கூட வந்த தண்ணீருக்குக் காவல் யார் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இயற்கையா செயற்கையா என்ற கேள்வி இந்த மூன்றில் எதற்கும் விடை தராது. வீடுகளில் புழங்கும் சில பொருள்களைப் பார்த்தால் இது புரியும்.

பழையதிலிருந்து தொடங்குவோம். நம் ஊர்ப்பக்கம் தீப்புண்ணுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரும் தேங்காயெண்ணெயும் சம அளவு சேர்த்து அடித்துப் போடும் பழக்கம் இருந்தது. ஸ்காட்லாந்தில் காரன் என்ற ஊரின் இரும்பாலையில் இதே மருந்தை ஆளிவிதை எண்ணெயில் செய்தார்கள், அதனால் அதற்குக் காரன் எண்ணெய் என்றே பெயர் வந்தது. இதில் எமல்சிஃபையரைத் தனியே யாரும் போடுவதில்லை. எண்ணெயில் கொஞ்சம் பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலத்தோடு சுண்ணாம்பு சேர்ந்து கால்சியம் சோப்பு உண்டாகிறது. அதுவே பால்மமாக்கி. அதனால்தான் கடையில் வாங்கிய சுத்திகரித்த எண்ணெயில் செய்தால் சரியாக அமையாது, அமிலம் சற்று இருக்கும் நாட்டு எண்ணெயில் அமையும். மிக அழகான ரசாயனம்தான். ஆனால் சுண்ணாம்புத் தெளிநீரின் காரத்தன்மை 12-க்கு மேல். நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலம். இன்றைய மருத்துவம் தீப்புண்ணை உடனே 20 நிமிடம் குழாய்நீரில் காட்டச் சொல்கிறது, இந்த எண்ணெயைப் போடச் சொல்வதில்லை. பழையது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது.

அடுத்து தேன்மெழுகு. இயற்கை மெழுகு என்றதும் பலர் நினைப்பது இதைத்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி அதில் தண்ணீரை அடித்துச் சேர்த்தார். தோலில் தடவினால் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். கோல்ட் க்ரீம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கலவை நிலைக்காது. தேன்மெழுகு தனியாக எமல்சிஃபையர் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெண்காரம் சேர்த்த பிறகுதான் கோல்ட் க்ரீம் பிரியாமல் நின்றது. மெழுகிலுள்ள அமிலமும் வெண்காரமும் சேர்ந்து சோப்பு ஆகின்றன. வெண்காரம் பூமியில் கிடைக்கும் கனிமம், முழுக்க முழுக்க இயற்கை. ஆனால் ஐரோப்பாவில் அதை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு விளைவிக்கக் கூடிய பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் காலில் என்றோ ஒரு நாள் தடவுவது வேறு. கைக்குழந்தைக்கும், புண்ணான தோலுக்கும் அது வேண்டவே வேண்டாம்.

நம் தலைமுறைக்கு ‘ஸ்னோ’ என்றால் தெரியும். பம்பாயில் பாட்டன்வாலா 1919-ல் கொண்டுவந்த ஆப்கான் ஸ்னோவை எத்தனை வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறோம்! ஸ்னோ வகைப் பூச்சுகளின் அடிப்படை ஸ்டியரிக் அமிலம். அதில் ஒரு பகுதியைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கினால் மீதியை அந்தச் சோப்பே பிடித்துக்கொள்ளும். வீட்டில் செய்பவர்கள் இதற்குக் காஸ்டிக் சோடா வாங்குகிறார்கள். அடுப்படியில் குழந்தை நடமாடும் வீட்டில் அது இருப்பதே எனக்குப் பயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோப்பு வகைப் பால்மத்தில் நிறம் வெளுக்கட்டும் என்று எலுமிச்சைச் சாறு பிழிகிறார்கள். அமிலம் பட்டதும் சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும், க்ரீம் திரிந்துவிடும். கடினநீரும் அதே வேலையைச் செய்யும். பூவாறு பக்கம் உப்புக்கரிக்கும் கிணற்று நீரில் க்ரீம் செய்து, திரிந்துவிட்டது என்று மெழுகைக் குறை சொன்னவர்கள் உண்டு.

இப்போது அந்த வெள்ளைத் துகளுக்கு வருவோம். எமல்சிஃபையிங் வாக்ஸ் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. பிரிட்டிஷ் மருந்தியல் நூல் சொல்லும் வகையில் ஒன்பது பங்கு சீட்டோஸ்டியரில் ஆல்கஹால், ஒரு பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட். ஆல்கஹால் என்றதும் பயப்பட வேண்டாம், அது மெழுகு போன்ற கொழுப்பு வகை. இரண்டாவதாகச் சொன்னதுதான் ஷாம்புவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்ப்பது. அமெரிக்க மருந்தியல் நூல் வகையில் அதற்குப் பதில் பாலிசார்பேட் இருக்கும். கடைக்காரர் எந்த வகையைக் கொடுத்தார் என்று கேட்காமல் வாங்கினால், இன்ன பொருளை முகத்தில் பூசுகிறோம் என்று தெரியாமலே பூசுகிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இதில் படித்துக்கொள்ள ஒரு உண்மைச் சம்பவம் இருக்கிறது. பிரிட்டனில் அக்வியஸ் க்ரீம் என்று ஒன்று, பல்லாண்டுகளாக வறண்ட தோலுக்கும் கரப்பானுக்கும் டாக்டர்களே எழுதிக் கொடுத்தது. அதன் கணக்கைப் போடுவோம். 100 கிராம் க்ரீமில் 30 கிராம் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட். அந்த 30-ல் பத்தில் மூன்று பங்கு எமல்சிஃபையிங் வாக்ஸ், அதாவது 9 கிராம். அந்த 9-ல் பத்தில் ஒரு பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட். ஆக 0.9 கிராம், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவுதான். இருந்தும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கரப்பான் உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இந்த க்ரீமைத் தடவி அப்படியே விட்டால் எரிச்சலும் சிவப்பும் வரலாம், அதற்கு அந்தச் சோடியம் லாரில் சல்ஃபேட் காரணமாக இருக்கலாம் என்றது. மருந்தியல் நூலில் இடம்பெற்று, தொழிற்சாலையில் அளந்து, சேர்மானம் அச்சிட்டு விற்ற க்ரீமின் கதை இது. சேர்மானம் தெரிந்திருந்ததால்தான் காரணத்தையும் தேட முடிந்தது. நம் டப்பாவில் நாம் எதைத் தேடுவது?

இதில் சுவையான சங்கதி, இந்த லாரில் சல்ஃபேட்டுக்கான லாரில் பகுதி வருவதே தேங்காயெண்ணெய், பனங்கொட்டை எண்ணெய் ஆகியவற்றிலிருந்துதான். நம் தென்னைக்குப் பேத்தி முறை. தேங்காயிலிருந்து பெறப்பட்டது என்று லேபிளில் போட்டால் அது பொய்யாகாது. இயற்கை என்ற சொல்லை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாலிசார்பேட் வகை இதைவிடத் தோலுக்கு மென்மையானது. அதையும் சார்பிடான் வகையையும் கலந்து வேண்டிய பிடிமானத்தைக் கணக்கிடவும் வழி உண்டு. அமெரிக்காவில் அட்லஸ் பவுடர் என்ற கம்பெனியில் இருந்த கிரிஃபின், 1949-ல் ஒவ்வோர் எமல்சிஃபையருக்கும் ஓர் எண் கொடுத்தார். எண் குறைந்தால் எண்ணெய்ப் பக்கம், கூடினால் தண்ணீர்ப் பக்கம். சார்பிடான் ஓலியேட்டுக்கு 4.3, பாலிசார்பேட் 80-க்கு 15. பாரஃபின் எண்ணெயைத் தண்ணீரில் பரப்ப 10.5 அளவு வேண்டுமென்றால், பாலிசார்பேட் 58 பங்கும் மற்றது 42 பங்கும். சராசரிக் கணக்குதான், எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். கைப்பிடி அளவு, ஒரு ஸ்பூன் என்று போடாமல் தராசும் கணக்கும் வைத்துச் செய்பவர் என்றால் எனக்கு அவர் மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, வீட்டில் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரிவதில்லை. க்ரீம் கெடாமலிருக்கப் பாரபென் போன்ற காப்புப் பொருள் சேர்த்தால், பாலிசார்பேட் அதில் ஒரு பகுதியைத் தனக்குள் இழுத்து அடக்கிக்கொள்ளும். தண்ணீரில் கிருமியைத் தடுக்க மிச்சமிருப்பது குறைந்துவிடும். காவல்காரனைப் பிடித்து வீட்டுக்குள் பூட்டி வைத்த கதைதான். ஆகவே எமல்சிஃபையரையும் காப்புப் பொருளையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

கெமிக்கல் இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் காப்புப் பொருளே சேர்ப்பதில்லை. கேட்டால் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றியிருக்கிறோம் என்கிறார்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது ஒன்றும் செய்யாது. நம் ஊர் ஈரத்துக்கு, இடவப்பாதியும் துலாவர்ஷமும் பெய்யும் மண்ணில், குளியலறையில் திறந்து வைத்து ஈரக்கையால் தொட்டெடுக்கும் கற்றாழை க்ரீம் எத்தனை நாள் தாங்கும்? அழகுப் பொருள்களுக்கான பன்னாட்டுத் தர அளவு ஒரு கிராமில் 1000 நுண்ணுயிருக்கு மேல் கூடாது என்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணோரத்துக்கும் உரியதில் 100. அதை எண்ணிப் பார்க்க நம் வீட்டில் கண்ணாடி கிடையாது. நாற்றம் வரும்வரை காத்திருப்பதும் சரியல்ல. கூலன்ட் தொட்டி நாறுவதற்கு எத்தனையோ நாள் முன்பே கெட்டுப்போய் இருக்கும்.

மகளிர் அணியினர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவன் ஆவேன். ஊரை விட்டு வந்து, மொழி வேறான இடத்தில், வேலை கிடைக்காமல் வீட்டோடு இருக்கும் பெண்கள் நம்மில் பலர். மாதம் இரண்டாயிரம் ரூபாய் தன் கையால் சம்பாதித்தாலும் அதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும். என் மருமகள் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு எங்களுக்குச் சோறு வடித்துக் கொண்டிருக்கிறாள். மேலும், கடையில் விற்பது மட்டும் உத்தமமா என்று அவர்கள் கேட்பதிலும் உண்மை இருக்கிறது. மலப்புறம் மாவட்டத்துச் செய்தி எல்லோரும் படித்ததுதான். கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15-ல் 13 பேர் நிறம் வெளுக்கும் க்ரீம் தடவியவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல். அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று மாநிலம் முழுக்கச் சோதனை போட்டது. உரிமம் இல்லாமல் செய்ததும், செய்தவர் முகவரி இல்லாததுமான பொருள்கள் பிடிபட்டன.

ஆனால் இந்தச் செய்தி அவர்கள் கட்சிக்கு உதவுவதைவிட என் கட்சிக்கே உதவுகிறது. அந்த டப்பாக்களில் விவரம் சரியாக இல்லை. நம் டப்பாவிலும் இல்லை. நம்முடையதில் பாதரசம் இருக்காது, நிச்சயம். செய்கிறவர்கள் நம் சகோதரிகள், கெடுதல் நினைக்காதவர்கள். ஆனால் வாங்குகிறவர் கையில் இரண்டும் ஒரே மாதிரி ஊமை டப்பாதான்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம், 2020-ல் வந்த அழகுப் பொருள் விதிகள், இரண்டின்படியும் விற்பதற்காகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். டப்பாவில் செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். சங்கக் கடைதானே, நாலு பேருக்குள்தானே என்பதற்கு அதில் விலக்கு கிடையாது. சோப்புக்கும் இதே கதைதான். பக்கத்திலுள்ள குடும்பஸ்ரீ அக்காமார் கறிப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் உணவு உரிமம் வாங்கி, எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

அதனால் என் யோசனை இது. இந்தப் பொங்கலுக்குக் க்ரீம் வேண்டாம். விற்கத்தான் வேண்டுமென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, மருந்தியல் படித்த ஒருவரைத் துணைக்கு வைத்து, உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். படிவம் நிரப்பவும், அலுவலகங்களுக்கு அலையவும் நான் தயார். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை? உரிமம் வரும்வரை வீட்டுக்காகச் செய்யுங்கள். அதையும் கூடியமட்டும் தண்ணீர் இல்லாமல் செய்யுங்கள். நான்கு பங்கு தேங்காயெண்ணெயில் ஒரு பங்கு நல்ல தேன்மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பு ரெடி. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், அடுப்பில் நேரே வைத்துப் புகையவிட வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாததால் எமல்சிஃபையர் வேண்டாம், உலர்ந்த கையால் எடுத்தால் கிருமிப் பயமும் குறைவு. என் வீட்டம்மா மூன்று வருடமாகப் பித்தவெடிப்புக்கு இதைத்தான் போடுகிறாள். முகத்தில் பிசுபிசுக்கும் என்று இளம்பெண்கள் சொல்வார்கள். உண்மைதான், பிசுபிசுக்கும்.

க்ரீம்தான் வேண்டும் என்றால், சோடியம் லாரில் சல்ஃபேட் சேராத வகை எமல்சிஃபையரைப் பெயர் கேட்டு, பொட்டலத்தில் அச்சிட்ட முழுச் சேர்மானம் பார்த்து வாங்குங்கள். காய்ச்சி ஆறிய நல்ல தண்ணீரில், ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து, தேதி எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாரம் முடிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும் கொட்டுங்கள். முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குப் போகலாம். கைக்குழந்தைக்கு வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

மருமகளிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போய்த் தான் செய்த இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். “இது எந்த வகை என்று சொல்லுங்கள் மாமா, பார்ப்போம்.” பால்மத்தில் தண்ணீர் வெளிப்பக்கம் இருந்தால் மின்சாரம் கடத்தும், எண்ணெய் வெளிப்பக்கம் இருந்தால் கடத்தாது. என் பழைய மல்டிமீட்டரை எடுத்து இரண்டு முனைகளையும் ஒரு கிண்ணத்தில் வைத்தேன், முள் நகர்ந்தது. அடுத்ததில் அசையவில்லை. அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இரண்டையும் குறித்துக்கொண்டாள். கிராம் கணக்கும் தேதியும் அதில் முன்பே எழுதியிருந்தன. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த மீட்டரைக் கொண்டு வருகிறேன். வீட்டில் க்ரீம் செய்கிறவர்கள் ஒரு சிறு டப்பாவும், அதில் சேர்த்த மெழுகு வந்த பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள். பொட்டலத்தை மறக்க வேண்டாம்.